நாற்பது நாள் மழையும் துரை சொன்ன சாமியும்

எங்கள் தாத்தா துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம், இப்போது அங்கே ரப்பரும் இல்லை, பங்களாவும் இல்லை, பாதி செம்பனை, மீதி தாமான் என்கிற குடியிருப்பு. தாத்தாவுக்கு இங்கிலீஷ் முப்பது வார்த்தை தெரியும். அதில் பத்து பூச்செடிப் பெயர், பத்து திட்டு, மிச்சத்தில் ஒன்று ஒரு சாமியின் பெயர். ஜூலை மாதம் 15-ம் தேதி மழை பெய்தால் தாத்தா வாசலில் உட்கார்ந்து, 'போச்சு, இன்னும் நாப்பது நாளைக்கு விடாது, சுவிட்டன் சாமி ஆரம்பிச்சுட்டாரு' என்பார். எனக்கு அப்போது ஐந்தாறு வயது, அது 'சுவீட்டு சாமி' என்றுதான் காதில் விழுந்தது. அந்தோணியார் கெபியில் காணாமல் போன பொருளுக்கு வேண்டிக்கொள்வார்கள் அல்லவா, அதுபோல மிட்டாய்க்கு ஒரு சாமி இருக்கிறார் போல என்று கொஞ்ச காலம் நம்பினேன்.

அது துரை சொன்னது. ஒரு ஜூலையில் மழைக்கு ஒதுங்கி பங்களா தாழ்வாரத்தில் நின்றபோது துரை தாத்தாவிடம் சொன்னாராம், இன்றைக்குப் பெய்தால் நாற்பது நாள் பெய்யும், எங்கள் ஊர்ச் சாமி அப்படி என்று. துரை சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார். தாத்தா சிரிக்கவில்லை. காரணம், மழை என்பது தோட்டத்தில் வேடிக்கை இல்லை.

பால் வெட்டாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியற்காலைக் குளிரில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டு என்கிற ஆள் கணக்கு, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போய்விடுவார்கள். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டிய கோட்டில் பால் நிற்காது, வழிந்து மரம் முழுக்க வெள்ளையாகப் பரவிவிடும், பால் பிடிக்கும் மங்குக்கு வந்து சேராது. வெட்டி முடித்த பிறகு மழை வந்தால் இன்னும் மோசம், மங்கில் இருக்கிற பாலில் தண்ணீர் விழுந்து காலை வேலை அத்தனையும் கரைந்து போகும். எனவே மழை நாளில் வேலையை மேய்க்கும் தண்டல் வந்து பட்டையைத் தடவிப் பார்ப்பார், காயட்டும் என்பார், ஒன்பது மணி வரை பார்ப்பார்கள், அப்புறம் 'வேலை இல்லை'. வேலை இல்லை என்றால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லை என்றால் காசு இல்லை. இப்படி நாற்பது நாள் என்று ஒரு சாமி கிளம்பினால் தாத்தா எப்படிச் சிரிப்பார்?

இதில் ஒரு கூத்து, எங்கள் பக்கம் பெருமழை செப்டம்பர், அக்டோபரில்தான். ஜூலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் எங்கள் லயத்தில் பத்து வீட்டுக்காவது ஜூலை 15 ஒரு கண்டமாகவே இருந்தது.

தாத்தா போய் வெகு காலம் கழித்து, ஒரு மழை நாளில் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சாமி யார் என்று தேடினேன். ஸ்விதன். பாட்டி பாஷையில் சொன்னால் மேற்றிராணியார், இன்றைய சபைத் தமிழில் ஆயர். இங்கிலாந்தின் தெற்கில் வின்செஸ்டர் என்ற ஊரில் 852-ல் ஆயரானவர். அப்போது இங்கிலாந்து என்று ஒரே நாடு கிடையாது, வெசெக்ஸ் என்ற அரசின் முக்கியமான ஊர் அது, அரசன் எதெல்வுல்ஃப், பெரிய பேர் வாங்கிய ஆல்ஃபிரட் அரசனின் அப்பா. ஸ்விதன் பத்துப் பதினோரு வருஷம் ஆயராக இருந்து ஒரு ஜூலை 2-ம் தேதி இறந்தார். வருஷம் 862 என்று ஒரு கணக்கு, 863 என்று ஒரு கணக்கு.

சரி, வாழ்ந்தபோது என்ன செய்தார்? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் உயிரோடு இருந்த காலத்து ஏடுகளில் அவர் பெயர் சில அரச சாசனங்களின் அடியில் சாட்சிக் கையெழுத்தாக வருகிறது, ஏறக்குறைய அவ்வளவுதான். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது செக்ரோல், தோட்டத்து ஆள் கணக்குப் புத்தகம். எங்கள் பாட்டி முப்பத்திரண்டு வருஷம் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டினாள், அதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி கணக்கெழுதும் கிராணியின் செக்ரோலில் பேருக்கு நேரே போட்ட கோடுகள். அந்தப் புத்தகங்களும் தோட்டம் கைமாறியபோது எரிந்தனவோ கரையான் தின்றதோ.

இதைப் பற்றிக் கோபப்பட்ட ஒருவர் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறார். எல்ஃப்ரிக் என்ற துறவி, வின்செஸ்டரில் படித்தவர், பழைய ஆங்கிலத்தில் புனிதர் சரித்திரங்கள் எழுதியவர். ஸ்விதனைப் பற்றி எழுத வந்தவர் முதலிலேயே நொந்துகொள்கிறார், இவரை நேரில் அறிந்தவர்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள், இவர் எப்படி வாழ்ந்தார் என்று எழுதி வைக்கவில்லை என்று. பெரிய பெரிய புகழ்ச்சிக்கு நடுவில் இந்த முணுமுணுப்பைப் படித்தபோது எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப் போனது.

வாழ்க்கைக் கதை என்று பிற்பாடு ஒன்று எழுதப்பட்டது, ஆள் இறந்து இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து. அதில் வருகிற முட்டைக் கதை அழகு. ஊருக்குக் கிழக்கே ஆற்றின் மேல் ஸ்விதன் பாலம் கட்டுகிறார். ஒரு ஏழைப் பெண் கூடையில் முட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள், வேலையாட்கள் விளையாட்டுக்கு இடித்து முட்டையெல்லாம் உடைகிறது, ஆயர் வந்து சிலுவை அடையாளம் போட முட்டைகள் பழையபடி ஒட்டிக்கொள்கின்றன. செத்தவரை எழுப்பவில்லை, கடலைப் பிளக்கவில்லை, ஒரு கூடை முட்டை. எங்கள் சந்தையில் கோழி முட்டை விற்கிற அக்கா இதைக் கேட்டால் உடனே நேர்ச்சை வைப்பாள்.

ஆனால் ஸ்விதன் பேர் பெற்றதற்கு வாழ்க்கை காரணமில்லை, எலும்புதான். செத்து நூறு வருஷத்துக்கு மேல் கோயிலுக்கு வெளியே, மேற்கு வாசல் பக்கம் மண்ணில் கிடந்தார். 971-ம் வருஷம் ஜூலை 15-ம் தேதி எதெல்வோல்ட் என்ற ஆயர் அவரைத் தோண்டி எடுத்துக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்தார். தாத்தாவின் அந்த ஜூலை 15 இதுதான். இறந்த தேதி இல்லை, இடம் மாற்றிய தேதி.

அப்புறம் ஊரே திரண்டது. அதை நேரில் பார்த்தவர் எழுதிய ஏடு இருக்கிறது, லான்ட்ஃப்ரெட் என்ற துறவி, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து வின்செஸ்டருக்கு வந்தவர், நாலைந்து வருஷத்துக்குள் எழுதிவிட்டார். எல்ஃப்ரிக் அதைச் சுருக்கித் தன் பாஷையில் சொல்கிறார். கல்லறைத் தோட்டம் முழுக்க நோயாளிகள் படுத்துக் கிடந்ததால் கோயிலுக்குள் நுழைய வழியில்லையாம், பத்து நாளில் இருநூறு பேர் குணமானார்களாம், நடந்து போனவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களைக் கோயில் சுவர் முழுக்க மாட்டியும் பாதிக்குக்கூட இடம் போதவில்லையாம். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளுக்கு ஜூலை கடைசியில் போனவர்களுக்கு இந்தக் கூட்டம் கற்பனை செய்ய முடியாதது இல்லை. எங்கள் தோட்டத்தில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவர்களும் அன்னம்மாளுக்கு மெழுகுவர்த்தி வாங்க லோரி ஏறி வருவார்கள், உடம்பு சரியில்லாத பிள்ளையை யார் வாசலில் கிடத்துவது என்று பார்ப்பதில்லை.

அதில் இன்னொன்று, சொல்லாமல் விட மனமில்லை. ஒவ்வொரு முறை யாராவது குணமானதும் துறவிகள் எல்லோரும் கோயிலுக்கு வந்து நன்றிப் பாட்டுப் பாட வேண்டும் என்பது எதெல்வோல்ட் உத்தரவு. குணமாகிறவர்கள் நேரம் பார்த்தா குணமாவார்கள்? ராத்திரி மூன்று முறை, நாலு முறை மணி அடிக்கிறது, தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டும், பாட வேண்டும், திரும்பி வந்து படுத்தால் மறுபடி மணி. துறவிகளுக்கு வெறுத்துப் போய், ஆயர் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். உடனே ஸ்விதன் ஒருவர் கனவில் வந்து புகார் சொல்கிறார், பாட்டு நின்றால் அற்புதமும் நின்றுவிடும் என்று. செய்தி ஆயருக்குப் போகிறது, இனி யார் வராமல் தூங்குகிறாரோ அவருக்கு ஏழு நாள் நோன்பு என்று உத்தரவு வருகிறது. சொல்லுங்கள், இது தண்டல் கதையா இல்லையா? பெரட்டுக்கு வராதவன் பேரை வெட்டுகிற அதே வேலை.

கனவு என்றேன் அல்லவா. என்னை உட்கார வைத்த விஷயம் அந்தக் கனவுகள்தான்.

இன்று எல்லோரும் சொல்லும் கதை என்ன? ஸ்விதன் ரொம்பத் தாழ்மையானவர், என்னைக் கோயிலுக்குள் புதைக்காதீர்கள், வெளியே புதையுங்கள், போகிற வருகிறவர்கள் கால் என் மேல் படட்டும், கூரைத் தண்ணீர் என் மேல் சொட்டட்டும் என்று கேட்டுக்கொண்டு இறந்தார். அந்த விருப்பத்தை மீறித் தோண்டினார்கள், அவர் கோபித்துக்கொண்டு நாற்பது நாள் மழை பெய்ய வைத்தார். கால், கூரைத் தண்ணீர் எல்லாம் மாம்ஸ்பரி ஊர் வில்லியம் என்ற சரித்திரக்காரர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதியது. நாற்பது நாள் மழைக் கோபம் அதற்கும் பிற்பட்ட பேச்சு. இடம் மாற்றியபோது அதே ஊரில் இருந்த லான்ட்ஃப்ரெட் மழை என்ற வார்த்தையையே இந்த விஷயத்தில் எடுக்கவில்லை. அவர் சொல்வது நேர் எதிர்: ஸ்விதனே தன்னை இடம் மாற்றச் சொன்னாராம்.

எப்படிச் சொன்னார்? கனவில்தான். இடம் மாற்றுவதற்கு மூன்று வருஷம் முன்பு ஒரு வயதான கொல்லன் கனவில் வந்து, எட்சிகே என்ற குருவிடம் போய்ச் சொல், அவர் போய் ஆயரிடம் சொல்லட்டும், என் எலும்பை உள்ளே கொண்டுபோகட்டும் என்கிறார். கொல்லனுக்குப் பயம், என்னைப் பொய்யன் என்பார்களே என்கிறான். அப்படியானால் என் கல்லறைக் கல்லில் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது, போய் இழு, வந்தால் நான் சொன்னது நிஜம் என்று அடையாளம் கொடுக்கிறார். அப்போதும் அவன் போகவில்லை. மூன்றாம் முறை வந்து கடிந்துகொண்ட பிறகு போய் இழுக்கிறான், கல்லில் அடித்து இறக்கிய இரும்பு மணலில் நட்டதுபோல உருவிக்கொண்டு வருகிறது. பயந்து போய்த் திரும்ப அதே ஓட்டையில் வைத்துக் காலால் மிதிக்கிறான், அதன் பிறகு யாராலும் அதை அசைக்க முடியவில்லை.

எட்சிகேயிடம் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர் ஆயரிடம் சொல்லவில்லை. ஏன் என்றால், முன்பு அந்தக் கோயில் எட்சிகே மாதிரியான குருக்கள் கையில் இருந்தது, 964-ல் எதெல்வோல்ட் அவர்களை மொத்தமாக வெளியேற்றிவிட்டுத் துறவிகளைக் குடிவைத்தார். வெளியேற்றியவனிடம் போய் எதற்குப் பேச வேண்டும்? இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தார், அப்புறம் அவரே அங்கே துறவியாகச் சேர்ந்துவிட்டார்.

எனக்கு இதில் தெரிவது, எதெல்வோல்டுக்கு அப்போது ஒரு புனிதர் தேவைப்பட்டார். பழைய ஆட்களை விரட்டிப் புது ஆட்களை உட்கார வைத்திருக்கிறார், ஊர் முணுமுணுக்கிறது, இந்த நேரத்தில் வாசலில் கிடந்த பழைய ஆயரே கனவில் வந்து உள்ளே வருகிறேன் என்றால், அதைவிட நல்ல சாட்சி யார்? அதுவும் விரட்டப்பட்டவர் வாய் வழியாக. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. கொல்லன் கனவு கண்டிருப்பான். செத்தவர்கள் நமக்கு வேண்டியதைக் கனவில் வந்து கேட்பது உண்டு என்றுதான் சொல்கிறேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அது நடந்தது.

பாட்டி 1988-ல் இறந்தாள். தோட்டத்துச் சவக்காட்டில் கடைசி வரிசை, வெட்டுக்காட்டுக்குப் போகும் செம்மண் பாதையை ஒட்டி. அவள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை, அங்கேதான் இடம் இருந்தது. பெரட்டு முடிந்து போகிற பெண்கள் தோளில் காவடி போலத் தூக்கும் காண்டா வாளியோடு அவள் தலைமாட்டைத் தாண்டித்தான் போவார்கள், பையன்கள் மோட்டாரைச் சிலுவையில் சாய்த்து வைத்துவிட்டு மீன் பிடிக்கப் போவார்கள், அம்மா திட்டுவாள். 2009-ல் நிலத்தை வாங்கியவர்கள் வீடு கட்டப் போவதாகச் சொல்லி, கல்லறைகளை எடுக்க மூன்று மாதம் கொடுத்தார்கள், கல்லறைக்கு இவ்வளவு வெள்ளி என்று ஒரு தொகையும். கோயிலுக்கு மாற்று இடம் கேட்டுச் சண்டை போட்டவர்கள் சவக்காட்டுக்குச் சண்டை போடவில்லை. களைத்துப் போயிருந்தார்கள்.

அம்மா எடுக்கக் கூடாது என்று நின்றாள். பூமியில் போட்டதைத் தோண்டுவது பாவம், அவ படுத்த இடத்துல கெடக்கட்டும், மேல வீடு கட்டுறவன் கட்டிக்கிட்டுப் போறான் என்றாள். இரண்டு வாரம் வீட்டில் பேச்சு இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா வந்தார், பசியாற உட்கார்ந்தவர் இடியப்பத்தைத் தொடாமல் சொன்னார், 'அக்கா, ராத்திரி அம்மா வந்துச்சு. வெள்ளச் சேல. எனக்கு இங்க சத்தமா இருக்குடா, பட்டணத்துல கோயில் பக்கமா கொண்டுபோயிருன்னுச்சு.' அம்மா அழுதாள். மறுநாள் கையெழுத்துப் போட்டாள்.

மாமாவிடம் வளையம் இழுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எடுத்தபோது நானும் இருந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் எலும்பு, ஜெபமாலையின் உலோகச் சிலுவை, பல் ஒன்று. ஒரு சின்னப் பெட்டியே அதிகமாக இருந்தது. கோயில் கல்லறைத் தோட்டத்தில் இப்போது சிமெண்டு மேடை, பளிங்கு ஓடு, மேலே துத்தநாகத் தகரக் கூரை. மழை அவள் மேல் படாது. மாமா தன் செலவில் போட்டது, அதற்காக அவரை நான் ஒன்றும் சொல்ல முடியாது.

ஸ்விதனை அதற்கு மேலும் விட்டுவைக்கவில்லை. பிரான்ஸ் பக்கமிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் புதுப் பெருங்கோயில் கட்டினார்கள், 1093-ல் மறுபடி ஜூலை 15 அன்று அவரைத் தூக்கி அதற்குள் வைத்தார்கள், பக்கத்தில் நின்ற பழைய கோயிலை இடித்தார்கள். இதற்கிடையில் தலை கான்டர்பரிக்குப் போனது, கை ஒன்று பீட்டர்பரோவுக்கு. நோர்வேயில் ஸ்டவாங்கர் என்ற ஊர்ப் பெருங்கோயில்கூட இவர் பெயரில்தான். வின்செஸ்டரில் அவர் எலும்புப் பேழை வைத்த மேடைக்கு அடியில் ஒரு குறுகிய பொந்து இருக்கிறது, நோயாளிகள் அதில் தவழ்ந்துபோய் அவருக்கு முடிந்த மட்டும் பக்கத்தில் கிடப்பார்கள். 1538-ல், ரோமைவிட்டுப் பிரிந்து புனிதர் பேழைகளை உடைக்கச் சொன்ன அரசன் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் வந்தார்கள். செப்டம்பர் 21, விடியற்காலை மூன்று மணி, எங்கள் அம்மா எழுந்து சோறு வைக்கும் நேரம். பேழையை உடைத்துப் பார்த்துவிட்டு எழுதிய கடிதத்தில் வயிற்றெரிச்சல் தெரிகிறது, பொன் இல்லை, ஒரு நல்ல கல் இல்லை, எல்லாம் போலி, வெள்ளி மட்டும் தேறும் என்று. எலும்பு அத்தோடு போனது. 1962-ல் ஒரு நினைவுப் பேழை வைத்திருக்கிறார்கள், உள்ளே யாரும் இல்லை. பழைய கோயில் நின்ற இடத்தை அறுபதுகளில் தோண்டி ஆராய்ந்து, புல்தரையில் அதன் சுவர்க்கோட்டைச் செங்கல்லால் பதித்திருக்கிறார்கள். அவர் முதலில் கிடந்த இடத்துக்கும் அடையாளம் இருக்கிறது. கூரை கிடையாது. அங்கே மழை பெய்கிறது, ஆட்கள் நடக்கிறார்கள், அவர் மட்டும் இல்லை.

மழைக் கணக்கு பலிக்குமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்து வானிலைத் துறைக்காரர்கள் பார்த்தாயிற்று, ஜூலை 15-க்குப் பிறகு நாற்பது நாளும் விடாமல் பெய்ததாக ஒரு வருஷமும் பதிவில் இல்லை. ஆனால் கோடை நடுவில் மேலே ஓடும் காற்றோட்டம் ஒரு பாதையில் நிலைகொண்டால் சில வாரம் அங்கேயே நிற்கும், மழையோ வெயிலோ கொஞ்ச நாள் நீடிக்கும், அந்த அளவுக்கு ஒரு விஷயம் உண்டு. பிரான்சில் இதே நாற்பது நாள் கதையை மெதார் என்ற இன்னொரு ஆயர் மேல் ஏற்றி ஜூன் 8-க்கு வைத்திருக்கிறார்கள், அவர் ஸ்விதனுக்கு முந்நூறு வருஷம் மூத்தவர். போதாததற்கு 1752-ல் இங்கிலாந்து நாட்காட்டியை மாற்றிப் பதினொரு நாளை விழுங்கியது. சாமி பழைய கணக்கில் பெய்கிறாரா புதுக் கணக்கிலா என்று யாரைக் கேட்பது? தாத்தாவைக் கேட்டால் 'துரை கணக்கு' என்றிருப்பார்.

இந்த ஜூலை 15 சாயங்காலம் நாலு மணிக்கு இங்கே நல்ல மழை. மாமாவுக்கு ஃபோன் போட்டேன். எண்பது வயது, காது மந்தம். 'இன்னிக்கு என்ன தேதி தெரியுமா மாமா?' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, 'சுவிட்டன் சாமியா? எண்ணிக்கிட்டு வா, எனக்கும் சொல்லு' என்றார். அந்தக் கனவைப் பற்றிக் கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. தகரத்தில் மழை விழுகிற சத்தம் அவர் பக்கமும் கேட்டது, கேட்டாலும் அவர் காதில் விழாது என்று விட்டுவிட்டேன்.

எண்ணிக்கொண்டு வருகிறேன். இன்றோடு பதினொரு நாள், அதில் மழை மூன்று நாள்.